விழுங்கியபின் ஒரு சொல்

கோஹ்ட்லா-யார்வேயில் காலை ஏழு மணி.
சனவரியில் அது இன்னும் இரவுதான்.
சுரங்கச் சாம்பலைக் கொட்டிக் கொட்டி எழுந்த மலைகளுக்குக் கீழே
மருந்தகத்தின் பக்கக் கதவு.
நாங்கள் வரிசை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மார்யே.
சிறிய பிளாஸ்டிக் கோப்பை,
இருமல் மருந்தின் நிறத்தில் மெதடோன்.
குடித்ததும் "பேசு" என்பாள்.
கன்னத்தில் ஒதுக்கி வெளியே போய் விற்றுவிடக் கூடாது,
அதற்காக.
வாய் காலி என்பதற்குச் சொல்தான் சாட்சி.

அர்க்காதி வெப்பநிலை சொல்வான்:
"மைனஸ் பத்தொன்பது."
ஸினாய்தா தன் முன்னாள் கணவர்களை
நாளுக்கு ஒருவராகத் திட்டுவாள்.
மூன்று பேர்தான், அதனால்
திங்கட்கிழமைக்காரன் வியாழனன்று மறுபடி மாட்டுவான்.
திமூருக்கு எஸ்தோனிய மொழித் தேர்வு,
கிடங்கு வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும்.
அந்த மொழியில் பதினான்கு வேற்றுமைகளாம்.
வீடு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
தினம் ஒன்றாய் ஒப்பிப்பான்:
வீட்டுக்குள்.
வீட்டில்.
வீட்டிலிருந்து.
உருபு பிசகினால் மார்யே திருத்துவாள்,
அப்போது மட்டும் அவள் முகத்தில்
வேறு ஏதோ ஒரு வேலை செய்கிறவளின் சந்தோஷம்.

நான் எண் சொல்வேன்.
இருநூற்று ஒன்பது.
இருநூற்றுப் பத்து.

இருநூற்றுப் பதினொன்றை நான் சொல்லவில்லை.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை.
யாரும் சாகவில்லை, யாரும் விட்டுப்போகவில்லை.
சம்பளம் வந்திருந்தது. பனி பெய்தது.
பழைய தொலைபேசி எண் ஒன்றை
நான் மறந்துவிட்டேன், விரல் மறக்கவில்லை.

வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு, எங்கும் எழுதாதது:
எட்டரைக்குள் ஒருவர் வராவிட்டால்
இருவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.
ஒன்பதுக்கு மருந்தகம் மூடிவிடும்.
போனவர் திரும்பிவர நேரம் இராது.
அன்று தாமதமாக வந்து நின்றவர்கள் இருவர்.
கோப்பைக்கு அடுத்த ஆள் திமூர்,
அவன் பின்னால் ஸினாய்தா.

எனக்குத் தெரிந்தது
குளியலறை ஓட்டின் சில்லிப்பு,
மூக்குக்குள் பீய்ச்சிய ஏதோ ஒன்று,
தலைமாட்டில் வாய்பிளந்து கிடந்த அவள் கைப்பை:
உதட்டுச்சாயம், சூரியகாந்தி விதை,
காலியான நாலோக்சோன் குப்பி.
திமூர் என் பெயரைக் கத்திக்கொண்டிருந்தான்.
ஸினாய்தா திட்டிக்கொண்டிருந்தாள்.
அவளுடைய நான்காவது கணவனாக
அந்தத் தரையில்தான் ஆனேன்.

அன்றிரவு இருவரும் மருந்தில்லாமல் கிடந்தார்கள்,
ஆளுக்கொரு கட்டிலில்,
முழங்காலுக்குள் எறும்பு ஊர,
போர்வை நனைய.
அவர்கள் சொல்லவில்லை.
அர்க்காதிதான் சொன்னான்,
வெப்பநிலை சொல்கிற அதே குரலில்.

நான்காம் நாள் வந்தேன்.
வால் நுனியில் நின்றேன்.
திமூர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே
ஓரடி பின்வாங்கி, தனக்கு முன்னால்
ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டான்.
பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு இல்லை.

கோப்பை.
விழுங்கினேன்.
"பேசு."

எந்த எண்ணைச் சொல்வது?
ஒன்று என்றால் அந்த இருநூற்றுப் பத்து நாளும் எங்கே போயின?
இருநூற்றுப் பதினொன்று என்றால் பொய்.
மார்யே காத்திருந்தாள்.
அவசரப்படுத்தவில்லை, உதவவும் இல்லை.
"கசக்குது" என்றேன்.
"என்றைக்கும் கசப்புதான். அடுத்தவர்."

பின்னால் திமூர் பதின்மூன்றாவதைச் சொன்னான்:
வீடின்றி.
முதல் முயற்சியிலேயே சரி.
"இன்னும் ஒன்றுதான் பாக்கி" என்றாள் மார்யே,
"வீட்டோடு."
"அது நாளைக்கு" என்றான்.

வெளியே ஸினாய்தா
கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினாள்.
"அன்றைக்கு டாக்ஸிக்கு ஆறு யூரோ."
அடிப்பையிலிருந்து சில்லறையாய் எடுத்து வைத்தேன்.
மூச்சுப்புகைக்கு நடுவே இருமுறை எண்ணினாள்.
ஐம்பது சென்ட் குறைந்தது.

நாளைக்குத் தருகிறேன் என்றேன்.